ஊசி அக்காவின் கடைசிக் கேள்வி

செத்துக் கிடந்தவளின் கைப்பைக்குள் செல்போன் அடித்துக்கொண்டிருந்தது.

நின்றது.

மறுபடி அடித்தது...

இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற இடத்தில் அவள் மல்லாந்து கிடந்தாள். வெள்ளைக் கோட்டு. ஒரு காலில் செருப்பு இல்லை. தலைக்குக் கீழே ரத்தம் தேங்கி, உறைய ஆரம்பித்திருந்தது.

வீடு வீடாகப் போய் ஊசி போடும் நர்ஸ். அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் ஊசி அக்கா.

'வலிக்காது, வலிக்காது' என்று சொல்லிச் சொல்லியே குத்துவாள். அவளுக்கு வலித்ததா என்று கேட்க இனி வழியில்லை.

"யாருய்யா அங்க, அந்த போனை எடுத்துத் தொலையேன்" என்றபடி படியேறி வந்தாள் பெண் இன்ஸ்பெக்டர்.

அவளுக்குக் காலையிலிருந்து கடைவாய்ப் பல்லில் வலி. ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. அன்றைக்கு அவள் எதிரில் யார் வந்து நின்றாலும் குற்றவாளிதான்.

"இன்னும் கைரேகை எடுக்கலையே மேடம்..." கான்ஸ்டபிள் இழுத்தார்.

"கைக்குட்டையைப் போட்டு எடுய்யா. ஸ்பீக்கர்ல போடு."

போட்டார். ஒரு பெண் குரல் அவசரமாக வந்தது.

"சாரிம்மா, மதியம் உன்கிட்ட சரியா பேச முடியல. ஆபரேஷனுக்குக் கை கழுவிக்கிட்டு நின்னேன். ஆமா, நீ என்ன கேட்டே, எனக்கு விளங்கவே இல்லையே?"

"என்ன கேட்டா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"நீங்க யாரு?"

"போலீஸ். நீங்க?"

"கருத்தரிப்பு மருத்துவமனை டாக்டர். அவகிட்ட போனைக் கொடுங்க."

"கொடுக்க முடியாது. செத்துட்டா. என்ன கேட்டா?"

பல்வலிக்காரிக்குப் பக்குவமாகச் சொல்ல வராது. டாக்டர் தடுமாறியபடி சொன்னாள்.

"ஹார்மோன் ஊசி போட்டா வர்ற பக்க விளைவெல்லாம்... ஊசி போட்டுக்காதவங்களுக்கும் வருமான்னு கேட்டா. கிண்டல் பண்றான்னு நினைச்சு, அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டேன்."

இன்ஸ்பெக்டர் குனிந்து சடலத்தின் கையைப் பார்த்தாள். முழங்கைக்கு மேலே, இரண்டு புஜத்திலும், விரல்கள் அழுந்திய சிவப்புத் தடம். புத்தம் புதுசு. கால் இடறி விழுந்தவளுக்குப் புஜத்தில் விரல் பதியாது. யாரோ பிடித்து உலுக்கி, தள்ளியிருக்கிறார்கள்.

"லைன்லயே இருங்க டாக்டர். வெச்சீங்கன்னா ஜீப் அனுப்பிடுவேன்."

"மேடம், நீங்க ரொம்ப அலட்டிக்க வேண்டாம்" என்றார் கான்ஸ்டபிள் பெருமையாக. "கொலைகாரி கைவசம் இருக்கா. மூணாவது மாடி மருமக. ஊசி அக்கா வந்ததே அவளுக்கு ஊசி போடத்தான். ரெண்டு கையும் ரத்தம். காலையில இவ ஊசி அக்காவைப் பிடிச்சுக் கத்தினதைக் கீழ் வீட்டுக்காரர் கேட்டிருக்கார். 'உன்னை உயிரோட விடமாட்டேன்'னு சொன்னாளாம்."

"அப்புறம் என்னை எதுக்குய்யா கூப்பிட்டே? பல்லைக் காட்டவா?"

---

மூன்றாம் மாடி வீட்டின் கூடத்தில் மூன்று பேர்.

நாற்காலியின் நுனியில் மருமகள். எதிர்த் தெருவில் சொந்தமாக லாண்டரி நடத்துகிறவள். ஆவியும் சூடும் பட்டுத் தடித்த கைகள். இப்போது அவற்றில் ரத்தம் ஒட்டியிருந்தது.

சோபாவில் மாமியார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. வாயில் மட்டும் அடைமழை.

மாமியாருக்குப் பின்னால், சுவரில் சாய்ந்தபடி அவள் மகன். சோபா கடை மேனேஜர். கடையில் மூன்று பேர் தூக்கும் சோபாவை ஒண்டியாளாகத் தூக்குவதால், எல்லோருக்கும் அவன் பயில்வான். கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தான்.

"இவதான் மேடம்" என்று ஆரம்பித்தாள் மாமியார். "கொண்டு போங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு புழு பூச்சி வயித்துல தங்கல. மலட்டுச் சிறுக்கிக்கு ஊசிமேல ஊசியா போட்டோம். பொறந்திருக்க வேண்டியது குழந்தை. பொணத்தைப் பெத்து வெச்சிருக்கா."

"அத்தை, வாயை அலம்பிட்டுப் பேசுங்க" என்றாள் லாண்டரிக்காரி.

"பாத்தீங்களா திமிரை? கையில ரத்தம் காயல."

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொல்லும்மா. காலையில என்ன சண்டை?"

லாண்டரிக்காரி நிமிர்ந்தாள். அவளுக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த அம்மாள் நம்பும்படி ஏதாவது சொல்லவில்லை என்றால், கம்பி எண்ண வேண்டியதுதான். மாமியார் அடுத்த மருமகளுக்குப் பெண் பார்க்கக் கிளம்பிவிடுவாள்.

"நேத்து ஸ்கேன் எடுத்தாங்க மேடம். முட்டை வளர்ந்திருக்கு, வெடிச்சு வெளியில வரலைன்னாங்க. அதை வெடிக்க வைக்கத்தான் அந்த ஊசி. ரெண்டு மாசமா இதே கதை. அதான் காலையில ஊசி அக்காவைப் பிடிச்சேன். நீ போடறது மருந்தா, தண்ணியான்னு கேட்டேன். விடமாட்டேன்னும் சொன்னேன். கோவம். இல்லைன்னு சொல்லல."

"தண்ணின்னு எப்படித் தோணுச்சு?"

"முதல் மாசம் போட்டப்போ உடம்பு என்னைப் படுத்தி எடுத்துடுச்சு. தலைவலி, வயிறு உப்புசம், மார்ல துணி பட்டாக்கூட வலி. அடுத்த ரெண்டு மாசம் ஒண்ணுமே இல்லை. நிம்மதியா தூங்கறேன். மருந்து உள்ளே போனா உடம்புக்குத் தெரியாதா?"

கான்ஸ்டபிளின் கையிலிருந்த போனில் டாக்டர் குரல் கொடுத்தாள்.

"அதை மட்டும் வெச்சு சொல்ல முடியாது. ஒரு மாசம் வர்றது மறு மாசம் வராமலும் போகும். ஆனா முட்டையும் வெடிக்கல, உடம்பும் அசையலன்னா... யோசிக்க வேண்டிய விஷயம்தான்."

"அந்த ஊசி போட்டா என்னென்ன வரும் டாக்டர்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"தலைவலி, உப்புசம், மார்பு வீங்கி வலிக்கறது. எரிச்சல், சும்மா சும்மா கோவம். சிலருக்குக் கால்ல நீர் கோக்கும், முகத்துல பரு வரும். அபூர்வமா சில பொம்பளைங்களுக்கு சினைப்பை ரொம்ப வீங்கி, வயித்துல நீர் சேர்ந்து, மூச்சு வாங்கும், சிறுநீர் குறைஞ்சிடும். அப்படி ஆனா ஒரு நிமிஷம் வீட்டுல வெச்சிருக்கக் கூடாது, ஓடி வந்துடணும். அதுக்குத்தான் ஊசி அக்கா கிட்ட, எந்த மாற்றம் தெரிஞ்சாலும் எனக்குச் சொல்லுன்னு சொல்லி வெச்சிருந்தேன்."

"இவளுக்கு எங்க வந்துச்சு அதெல்லாம்?" என்று குறுக்கே பாய்ந்தாள் மாமியார். "கல்லு மாதிரி இருக்கா. எல்லாம் பட்டது என் புள்ளைதான். இவளை நினைச்சு நினைச்சே ரெண்டு மாசமா அவனுக்குத் தீராத தலைவலி. மூஞ்சி பூரா பரு, இந்த வயசுல! கால் வீங்கி செருப்பு நுழைய மாட்டேங்குது. பெத்த தாய்கிட்டயே எரிஞ்சு எரிஞ்சு விழறான். இதுக்கெல்லாம் யாரு காரணம்? இவதானே?"

மகனுக்காக வக்கீல் வேலை பார்க்க வந்த தாய், நுணல் தன் வாயால் கெட்டதுபோல, தன் வாயாலேயே மகனைப் பிடித்துக் கொடுத்திருந்தாள். அவளுக்கு அது இன்னும் தெரியவில்லை.

பயில்வானுக்குத் தெரிந்துவிட்டது. சுவரை விட்டு விலகி நின்றான்.

இன்ஸ்பெக்டர் பல்வலியை மறந்தாள். மெதுவாகத் திரும்பி, அவனை மேலும் கீழும் பார்த்தாள். தாடையில் சிவப்புச் சிவப்பாகப் பருக்கள். சாக்ஸின் ரப்பர், வீங்கிய கணுக்காலில் பள்ளம் போட்டிருந்தது.

"உங்க கணவர் துணியெல்லாம் நீங்கதானே துவைக்கறீங்க?" என்று லாண்டரிக்காரியைக் கேட்டாள்.

"ஊர்த் துணியையே துவைக்கறேன். இவர் துணிக்கு என்ன?"

"ஏதாவது மாற்றம்?"

லாண்டரிக்காரி கணவனையே பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல மாறியது.

"ரெண்டு மாசமா சட்டைக்குள்ள ரெண்டு பனியன் போடறார். இந்தப் புழுக்கத்துல. கேட்டா, வேர்வையை உறிஞ்சும்கறார்."

"சார், சட்டையைக் கழட்டுங்க."

"எதுக்கு?" என்றான் பயில்வான்.

"பயில்வான்னா யாராவது கேக்க மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருப்பான். நீங்க என்னடான்னா வெக்கப்படறீங்க."

"இது அவமானம் மேடம். கொலை பண்ணவ அங்க உட்கார்ந்திருக்கா. நானும் எங்கம்மாவும் டிவி பாத்துக்கிட்டு இருந்தோம். நான் எழுந்திரிக்கவே இல்லை. கேளுங்க அம்மாவை."

"எழுந்திரிக்கவே இல்லை" என்றாள் மாமியார் மின்னல் வேகத்தில். "சத்தியம்."

"சரி, சட்டை இருக்கட்டும். குடிச்சிருக்கீங்களா?"

"அந்தப் பழக்கமே கிடையாது."

"அப்ப சிறுநீர் கொடுக்க யோசனை இருக்காதே."

"ஒரு டம்ளர் இல்ல, ஒரு குடமே கொடுக்கறேன்" என்றான் பயில்வான் எகத்தாளமாக.

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். கான்ஸ்டபிளின் முகம் வெளிறியது.

"மேடம்... முனை மருந்துக்கடைக்காரன் எனக்குத் தெரிஞ்சவன். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை மேடம். என்ன நினைப்பான்?"

"நல்லதா நாலு வார்த்தை நினைப்பான். ஓடு."

---

பயில்வான் குளியலறையிலிருந்து பிளாஸ்டிக் கப்போடு வந்தான். மேஜைமேல் டக்கென்று வைத்தான்.

இன்ஸ்பெக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, கான்ஸ்டபிள் வாங்கி வந்த காகித உறையைக் கிழித்து, ஒரு மெல்லிய பட்டையை எடுத்து அதில் முக்கினாள்.

லாண்டரிக்காரிக்கு அந்தப் பட்டை என்ன என்று பார்த்தவுடனே தெரிந்தது. மாதாமாதம் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, அதையே வெறித்துப் பார்த்து, ஒற்றைக் கோட்டோடு வெளியே வந்து, மாமியாரின் வாயில் விழுந்தவள் அவள்.

"குடிச்சா கோடு வருமா?" என்றான் பயில்வான்.

"வரும். பாருங்க."

ஒரு கோடு வந்தது.

கொஞ்சம் பொறுத்து, அதன் பக்கத்திலேயே...

இன்னொன்று.

"டாக்டர்" என்றாள் இன்ஸ்பெக்டர் போனைப் பார்த்து. "கர்ப்பமா இருக்காங்களான்னு பாக்கற பட்டை. ஒரு ஆம்பளை சிறுநீர்ல முக்கினேன். ரெண்டு கோடு காட்டுது. பளிச்சுன்னு."

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஆம்பளைக்கா? ரெண்டு காரணம்தான் எனக்குத் தோணுது. ஒண்ணு, நான் எழுதிக் கொடுத்த அதே ஊசியை அவர் போட்டிருக்கணும். அந்த ஹார்மோனைத்தான் இந்தப் பட்டை கண்டுபிடிக்கும். போட்டு பத்து நாள் வரைக்கும்கூடக் காட்டலாம்."

"இன்னொண்ணு?"

"விதையில கட்டி. புத்துநோயா இருக்கலாம். அப்படின்னா நாளைக்கே அட்மிட் பண்ணணும். தாமதிக்கக் கூடாது. பெரும்பாலும் எடுத்துடற மாதிரிதான் இருக்கும்."

"எதை?"

"விதையை."

பயில்வான் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தான்.

"சொல்லுங்க சார்" இன்ஸ்பெக்டர் பட்டையை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "ஊசியா, கட்டியா? கட்டின்னா இப்பவே ஆம்புலன்சுக்குச் சொல்லிடறேன். கத்தியோட காத்திருப்பாங்க."

"ஊசி" என்றான்.

"கேக்கல."

"ஊசிதான் மேடம்."

லாண்டரிக்காரி எழுந்து நின்றாள்.

"என் ஊசியையா?"

அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "முதல் மாசம் நானே போய் வாங்கினேன். அப்புறம் இவர்தான், 'உனக்கு எதுக்கு அலைச்சல், நான் வாங்கிட்டு வர்றேன்'னார். மருந்து நிரப்பியே வர்ற ஊசி மேடம் அது. ஐஸ் பிளாஸ்க்குல வெச்சுக் கொண்டு வருவார். மேல் உறை பிரிஞ்சிருக்கேன்னு ஊசி அக்கா கேட்டா. ஐஸ்ல ஊறிப் பிரிஞ்சிடுச்சுன்னார். அவரைப் போய் நம்பி, ஒரு அப்பாவியைத் திட்டினேனே மேடம்..."

"எதுக்குய்யா உனக்கு இந்த ஊசி?" என்றாள் இன்ஸ்பெக்டர். மரியாதை எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது.

பயில்வான் தரையைப் பார்த்துப் பேசினான்.

"ஜிம்ல கோச் சதை ஏத்தற ஊசி போட்டுவிட்டார். உடம்பு ஏறுச்சு. ஆனா கீழே... சுருங்கிப் போச்சு. அதைச் சரிபண்ண இந்த ஹார்மோன் போடணும்னார். கடையில சீட்டு இல்லாம தர மாட்டாங்க. சீட்டு இவ பேர்ல இருந்துச்சு. வாங்கின உடனே ஜிம் பாத்ரூம்ல நான் போட்டுக்குவேன். காலி ஊசியில சலைன் தண்ணியை நிரப்பிக் கொண்டு வந்துடுவேன்."

போனில் டாக்டர் வெடித்தாள்.

"சதை ஊசியா? மனுஷனா அவர்? அது விந்தணுவையே நிறுத்திடும். கல்யாணமான புதுசுல பண்ண டெஸ்ட்ல எல்லாம் நல்லா இருந்துச்சேன்னு அவரை விட்டுட்டேன். மறுபடி டெஸ்ட் பண்ணலாம்னு சொன்னப்பல்லாம் கடையில வேலைன்னு சொல்லி அனுப்பினார். என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவருக்குன்னே தனியா சீட்டு எழுதிக் கொடுத்திருப்பேனே. ஆம்பளைங்களுக்கும் அந்த மருந்து உண்டு. பொண்டாட்டி உடம்புல திருட வேண்டியதில்லை."

"எப்படிச் சொல்றது?" என்றான் பயில்வான். "வெளியில தெரிஞ்சா என் பேரு என்ன ஆகறது?"

"என் பேரு ஆகலாமா?" என்றாள் லாண்டரிக்காரி. குரல் உயரவே இல்லை. "வாசல்ல வர்ற பால்காரர்கிட்டகூட உங்கம்மா என்னை மலடின்னு சொன்னாங்க. நீங்க உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க. உடம்பைத் தேத்திக்கிட்டு இருந்தீங்க."

பயில்வான் சட்டென்று நிமிர்ந்தான். அவனுக்குள் இன்னும் கொஞ்சம் வியாபாரி மிச்சமிருந்தான்.

"சரி மேடம். ஊசி போட்டுக்கிட்டேன். தப்பு. அதுக்காக நான் கொலைகாரனா? நான் டிவி முன்னாடி இருந்தேன். அம்மா சாட்சி. படியில நின்னவ இவ. ரத்தம் இவ கையில. கோர்ட்ல எது நிக்கும்?"

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தாள். வலி சுண்டி இழுத்தது. அவன் சொல்வது சரி. பெற்ற தாயின் சத்தியத்துக்கு எதிரே ஒரு பட்டையும் இரண்டு கோடும் எத்தனை நேரம் நிற்கும்?

கான்ஸ்டபிள் சங்கடத்தோடு கைவிலங்கை எடுத்தார். லாண்டரிக்காரியைப் பார்த்தார். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சோபாவிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"டாக்டரம்மா..."

மாமியார்.

"அந்த ஊசி ஒழுங்கா இவளுக்குப் போயிருந்தா... எனக்குப் பேரப்புள்ளை வந்திருக்குமா?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. இவளுக்கு முட்டை நல்லா வளர்ந்துச்சு, மருந்துக்கும் முதல் மாசம் உடம்பு கேட்டுச்சு. உங்க மகன் சதை ஊசி போடாம இருந்து, இவ ஊசியையும் தொடாம இருந்திருந்தா, நல்ல வாய்ப்பு இருந்துச்சு."

மாமியார் எழுந்தாள். மகனின் முன்னால் போய் நின்றாள்.

விட்டாள் ஓர் அறை.

மூன்று பேர் தூக்கும் சோபாவைத் தூக்குகிறவன் நாற்காலியோடு ஆடிப்போனான்.

"என் பேரப்புள்ளையை நீயாடா முழுங்கினே?"

"அம்மா, சும்மா இரு. போலீஸ் இருக்கு..."

"இருக்கட்டும். மேடம், எழுதிக்கங்க. இவன் டிவி பாக்கல. பெல் அடிச்சுச்சு. இவன்தான் போய்த் திறந்தான். 'அண்ணே, கொஞ்சம் வெளியில வாங்க'ன்னு ஊசி அக்கா கூப்பிட்டா. 'தலைவலியும் பருவும் உங்களுக்கு ஏன் வந்துச்சுன்னு எனக்குத் தெரியும், நீங்களே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, இல்லைன்னா நான் சொல்லிடுவேன்'னா. எனக்கு ஒண்ணும் விளங்கல. கதவைச் சாத்திக்கிட்டுப் போனான். திமுதிமுன்னு சத்தம். உள்ளே வந்தான், கை கழுவினான், என் பக்கத்துல உட்கார்ந்தான். 'யார் கேட்டாலும் நான் எழுந்திரிக்கவே இல்லைன்னு சொல்லு'ன்னான். பெத்த வயிறு, சொன்னேன். அதுக்கப்புறம்தான் இவ படியேறி வந்து, அந்தப் பொணத்தைத் தூக்கப் பாத்துக் கத்தினா."

"அப்ப சத்தியம் பண்ணீங்களே?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"அது புள்ளைக்காகப் பண்ணது. இது பேரப்புள்ளைக்காகப் பண்றது."

மாமியார் மருமகளின் பக்கம் கையை நீட்டினாள். லாண்டரிக்காரி அந்தக் கையைத் தொடவில்லை.

"இப்ப வேண்டாம் அத்தை. அந்த வார்த்தையெல்லாம் இன்னும் என் காதுல இருக்கு. கறையில பெரிய கறை அது. ஒரு சலவையில போகாது."

கைவிலங்கு வேறு கைக்குப் போனது. அளவு போதாமல் கான்ஸ்டபிள் அழுத்திப் பூட்டினார்.

வாசல்படியில் பயில்வான் திரும்பினான். முகமெல்லாம் அழுகை.

"தள்ளணும்னு நினைக்கலடி. வாயை மூடுன்னு உலுக்கினேன், விழுந்துட்டா. எல்லாமே எதுக்கு? நானும் ஒரு குழந்தைக்கு அப்பாவாகணும்னுதானே..."

லாண்டரிக்காரி மேஜைமேல் கிடந்த பட்டையை எட்டிப் பார்த்தாள்.

"அப்பாவாகற யோகம் உங்களுக்கு இல்லைங்க. அம்மாவாகத்தான் ஆகியிருக்கீங்க."

இன்ஸ்பெக்டர் வீங்கிய கன்னத்தோடு முதல்முறையாகச் சிரித்தாள். வலித்தது. பரவாயில்லை.

"யோவ் கான்ஸ்டபிள், மெதுவா இறக்கிக் கூட்டிட்டுப் போ. ஜீப்பை மேடு பள்ளம் பாத்து ஓட்டு. முதல் மூணு மாசம் ஜாக்கிரதையா இருக்கணும்."